சிறுவர் கையில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி!

புதுச்சேரிக்குத் தெற்கே 4 கிலோமீட்டர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, மரங்களுக்கு நடுவில் ஒரு மண்மேடு இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு.

மழை பெய்து மண் கரைந்தால் அங்கே நிறம் நிறமாக மணிகள் தலைகாட்டும். அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் 1937-ல் அந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். தாமும் மேட்டில் தேடிப் பார்த்தார்.

கிடைத்தவற்றுள் ஒரு சிறு கல்லில் மனித முகம் செதுக்கியிருந்தது. யார் முகம்? பழைய நாணயங்களைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. "ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ்" என்று கண்டுகொண்டார்!

வானம் பார்க்க வந்தவர்

இந்த மேட்டைப் பற்றி முற்காலத்தில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ஒரு வானசாஸ்திரி. லெ ஜான்தீல் என்று பெயர். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்து செல்வதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புறப்பட்டார். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியவில்லை. 1769-ல் இடம் கிடைத்தது. ஆனால் அன்று பார்த்து மேகம் மறைத்துவிட்டது! பாவம், வானத்தில் காணாததை அவர் மண்ணில் கண்டார். ஊரார் இந்தப் பக்கத்தில் பழைய பெரிய செங்கற்களைத் தோண்டி எடுப்பதைக் குறித்து வைத்தார். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அலமாரியில் ஒரு கைப்பிடி

1944-ம் ஆண்டு ஜூலை மாதம். தொல்பொருள் இலாகாவின் தலைவராகப் புதிதாக வந்த வீலர் துரை, சென்னை மியூசியத்தில் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே உடைந்த ஜாடியின் கழுத்தும் கைப்பிடியும் கிடந்தன. துரை திடுக்கிட்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் ஊற்றி அனுப்பும் ஜாடி அல்லவா அது! எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரி என்றார்கள். உடனே புறப்பட்டார்.

1945-ல் அவர் மேட்டைத் தோண்டினார். ஏறக்குறைய 150 அடி நீளமுள்ள பண்டகசாலையின் அடித்தளம் வெளிப்பட்டது. இத்தாலியில் அரெசோ நகரத்தில் செய்த சிவப்புத் தட்டுகளின் ஓடுகளும் கிடைத்தன. சிலவற்றில் செய்தவரின் முத்திரை கூட இருந்தது. அந்தத் தட்டுகள் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார்கள். ஆகவே, அவற்றோடு ஒரே மண்ணில் கிடந்த நம் ஊர்ச் சட்டி பானைகளுக்கும் வயது தெரிந்துவிட்டது. அதற்கு முன், தென்னாட்டுப் பழம்பொருள்களின் காலத்தைச் சொல்ல இப்படி ஓர் ஆதாரம் இருந்ததில்லை.

கிரேக்கத் தீவாகிய கோஸில் செய்யும் மாதிரியான மது ஜாடிகளும் இங்கே வந்திருக்கின்றன. சங்க நூல்களில் வரும் யவனர் இவர்கள்தாம். கிரேக்க மொழியில் எழுதிய பழைய கடல் வழிகாட்டி நூல் ஒன்று 'பொதுகே' என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. அது இந்த இடமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

அப்படியானால் இது யவனர் கட்டிய ஊரா?

அவர்கள் வந்ததால்தான் மீன்பிடி கிராமம் துறைமுகம் ஆயிற்று என்று வீலர் நினைத்தார். அவசரப்பட்டுவிட்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையார் தலைமையில் மீண்டும் தோண்டினார்கள். ரோமாபுரிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே இங்கே ஊரும் வியாபாரமும் இருந்தது தெரிந்தது. பானை ஓடுகளில் தமிழ் எழுத்து இருக்கிறது. கண்ணாடியை உருக்கி, நீளக் குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி மணி செய்த தொழிலாளிகள் இங்கே இருந்தார்கள். இந்த வகை மணிகள் கடல் தாண்டிக் கிழக்கு நாடுகளிலும் கிடைக்கின்றன.

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் செங்கல் சுவரைப் பார்த்து, யவனர் மாளிகை என்று எண்ணி ஏமாறுவது உண்டு. அது 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய வீட்டின் சுவர்! பழைய துறைமுகம் காலடியில், மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ஆறு அரித்துக்கொண்டு போனதும், ஊரார் வீடு கட்ட எடுத்துப் போனதும் போக, மிஞ்சியதுதான் அது.

ஜாடிகளையும் மணிகளையும் புதுச்சேரி மியூசியத்தில் பார்க்கலாம். ஆனால் அகஸ்டஸ் முகம் செதுக்கிய கல் அங்கே இல்லை. ஆராய்ச்சிக்காக ஹனோய் நகரத்துக்கு அனுப்பினார்கள் என்றும், அது திரும்பி வரவில்லை என்றும் சொல்கிறார்கள்.