புகையற்ற உணவுச்சாலை: பழைய மாணவர் ஆற்றத்தக்க ஒரு பணி

விழா மலர்களிற் பழைய நினைவுகளை எழுதுதல் வழக்கம். ஆசிரியர்களின் கண்டிப்பையும், விளையாட்டுக் களத்து வெற்றிகளையும், விடுதிச் சோற்றின் பெருமையையும் எழுத என்னிலும் தகுந்த அன்பர் பலர் உளர். ஆதலின், நான் ஒரு சிறு நினைவோடு தொடங்கி, இன்று நாம் செய்யத்தக்க ஒரு காரியத்தைப் பற்றி விளக்க விரும்புகின்றேன்.

கல்லூரி விட்டபின் சில காலம் நாங்கள் நால்வர் வெள்ளவத்தையிற் காலி வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் மாலைதோறும் கூடுவோம். வடையும் தேநீரும் முடிந்தால் சிகரெட்டு. கடைவாயிலில் எரிந்துகொண்டு தொங்கும் கயிற்றில் ஒருவன் பற்றவைத்து வருவான். மற்றையோர் அவனிடம் நெருப்பு வாங்குவோம். எங்களுக்குப் பரிமாறிய அண்ணை புகைபிடியாதவர், வெற்றிலைகூடப் போடாதவர். கோப்பைகளை எடுக்க வரும்போது, "தம்பிமார், அந்த யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ" என்பார். நாங்கள் திறந்துவிட்டுப் புகைப்போம். பெரிய மரியாதை செய்துவிட்டதாக எண்ணம். சில ஆண்டுகளின்பின் அவர் நெஞ்சு நோயோடு ஊருக்குச் சென்றார் என்று கேள்விப்பட்டோம். அந்நோய்க்கு எங்கள் புகையே காரணம் என்று நான் கூறத் துணியேன். ஒருவரின் நோய்க்கு ஒரே காரணங் காட்டுதல் வைத்தியருக்கும் அரிது. ஆயினும், அவர் கேட்டது யன்னலை அன்று என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் சென்றது.

பிறர் புகை எவ்வாறு தீங்கு செய்கின்றது என்பதை முதலிற் காண்போம். சிகரெட்டிலிருந்து இருவகைப் புகை எழுகின்றது. புகைப்பவர் உள்ளிழுத்து வெளிவிடுவது ஒன்று. இழுக்காத வேளையில் எரிமுனையிலிருந்து தானே எழுவது மற்றொன்று. அறையில் நிரம்புவதிற் பெரும்பங்கு இரண்டாவதே. இழுக்கும்போது முனையில் வெப்பம் மிகும். இழுக்காதபோது வெப்பம் தணிந்து புகையிலை அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிவதனால் அப்புகையிற் சில நச்சுப் பொருள்கள் மிகுதியாக உண்டாகின்றன. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 70 புற்றுநோயை விளைக்க வல்லவை.

இவ்வுண்மை ஒரே நாளில் அறியப்பட்டதன்று. புகைப்பவருக்கு நுரையீரற் புற்றுநோய் வருதலை 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டோல், ஹில் என்னும் அறிஞர் இருவர் காட்டினர். புகைப்பவரின் அருகில் இருப்பவர் நிலை என்ன என்னும் கேள்விக்கு 1981இல் யப்பானிலிருந்து விடை வந்தது. ஹிராயமா என்னும் ஆய்வாளர் புகைபிடியாத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவர் மிகுதியாகப் புகைக்கும் வீட்டுப் பெண்களுக்கு நுரையீரற் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் கண்டார். அமெரிக்கப் பிரதம வைத்தியரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, பிறர் புகையைச் சுவாசிப்போருக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25 முதல் 30 வரையும், நுரையீரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 30 வரையும் மிகுதியாகும் என்றும், தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்றும் கூறிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புகைபிடியாத மக்கள் பிறர் புகையால் இறக்கின்றனர்.

யன்னலைத் திறந்தால் ஆகாதோ, மின்விசிறியைச் சுழற்றினால் ஆகாதோ எனிற் கூறுதும். அடுக்களையிற் செத்தல் மிளகாய் தாளித்தால் வாயிலிற் காசு வாங்குபவர் தும்முகின்றார் அன்றோ? புகையின் துகள் அதனினும் நுண்ணியது. ஒரு மயிரிழையின் தடிப்பிற் சிறுகூறே அதன் பருமன். அது நெடுநேரம் காற்றில் மிதக்கும். விசிறி அதனை அகற்றுவதில்லை. ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றது. ஆதலின் ஒரே கூடத்தில் "புகைப்போர் பகுதி", "புகையாதோர் பகுதி" என வகுத்தல் கண்ணுக்கு வேலியேயன்றி மூச்சுக்கு வேலியன்று. உண்பவர் அரைமணி நேரத்தில் எழுந்து செல்வார். பரிமாறுபவரோ காலை முதல் இரவு வரை அங்கேயே நிற்பார். உணவுச்சாலைப் புகையைப் பற்றிப் பேசுங்கால் முதலில் நினைக்கத்தக்கவர் அவரே.

இனி, நம் நாட்டுச் சட்டத்தைக் காண்போம். புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் சமவாயத்தை இலங்கை 2003 நொவெம்பர் மாதத்தில், ஆசிய நாடுகளுள் முன்னணியில் நின்று, ஏற்று உறுதிசெய்தது. அதன்பின் புகையிலை, மதுசாரம் என்பன மீதான தேசிய அதிகாரசபையை நிறுவும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, அவ்வாண்டு டிசெம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் சென்றுவரும் அடைக்கப்பட்ட இடங்களிற் புகைத்தலை அது தடுக்கின்றது. அவ்விடத்துப் பொறுப்பாளர் புகைக்க இடங்கொடுத்தலும் குற்றமே. 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்றலையும் அச்சட்டம் தடைசெய்தது.

ஆயினும், அதில் ஒரு விலக்கு உண்டு. முப்பது அறைகளுக்குக் குறையாத விடுதியும், முப்பது பேருக்குக் குறையாமல் இருந்து உண்ணத்தக்க உணவுச்சாலையும், விமான நிலையமும் புகைப்பதற்கென ஓரிடத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். இதன் விளைவு யாது? கொட்டாஞ்சேனைச் சந்திலுள்ள பத்துப் பேர் இருக்கும் தேநீர்க் கடையிற் புகைத்தல் முற்றாகக் குற்றம். பெரிய மண்டபங்கொண்ட உணவுச்சாலையில் ஒதுக்கிய இடத்தில் அது குற்றமன்று. மேலும், சட்டத்தின் கை அடைக்கப்பட்ட இடத்தோடு நின்றுவிடுகின்றது. கடைவாயில், பஸ் தரிப்பிடம், ஆடிவேல் காணக் கூட்டம் நிற்கும் வீதியோரம் ஆகிய திறந்த இடங்களை நம் நல்வழக்கமே காக்கவேண்டும். நெரிசலிற் கையைத் தொங்கவிட்டு நிற்பவரின் சிகரெட்டு முனை, அருகில் நிற்கும் குழந்தையின் முகமட்டத்தில் இருப்பதை நீங்களே காணலாம்.

நம்மவர்க்கு இவ்விடயத்தில் ஒரு தனிக் கடமையும் உண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்திற் கப்பலேறித் திருவிதாங்கூர் சென்றது. சுருட்டுக் கொட்டில்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. நம்முட் சிலருடைய பள்ளிக் கட்டணமும் புகையிலைத் தோட்டத்து வியர்வையிலிருந்தே வந்தது. அவ்வுழைப்பை நான் இகழேன். ஆனால், தோட்டத்தில் உழைத்தவர்க்கு நன்றி பாராட்டுதல் வேறு, கடையில் உழைப்பவர் மூச்சைக் கெடுத்தல் வேறு. நம் புகையிலையை வாங்கிய அதே மலையாள நாட்டிற்றான் மறுமொழியும் எழுந்தது. பொது இடங்களிற் புகைத்தல் இந்திய அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை காக்கும் உயிர்வாழும் உரிமைக்கு மாறானது எனக் கேரள உயர் நீதிமன்றம் 1999 யூலை 12இல் தீர்ப்பளித்தது. 2001 நொவெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அவ்வாறே பணித்தது.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் முயற்சியால், கடைக்காரர் தாமாகவே சிகரெட்டு விற்பனையைக் கைவிட்ட ஊர்கள் 2019ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு மேல் இருந்தன. அவற்றுள் யாழ்ப்பாண மாவட்டத்து ஊர்கள் முன்னின்றன. புகையிலை விளைந்த மண்ணே இதிலும் முன்னின்றது எனில், தலைநகரில் வாழும் நாம் பின்னிற்றல் அழகோ?

வியாபாரம் குறையுமே என்பது முதலாளிமாரின் அச்சம். அயர்லாந்து 2004 மார்ச்சு 29இல் வேலைத்தலங்கள், உணவுச்சாலைகள் அனைத்திலும் புகையைத் தடுத்தபோது இதே அச்சம் அங்கும் பேசப்பட்டது. பல நாட்டுக் கணக்குகளையும் ஆராய்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம், இத்தகைய தடையால் உணவுச்சாலைகளின் வருமானம் குறைவதில்லை என 2009இல் முடிவு கூறிற்று. நன்மையோ விரைவிற் காணப்பட்டது. ஸ்கொத்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தபின், ஆராயப்பட்ட வைத்தியசாலைகளிற் கடும் இருதய நோயால் அனுமதிக்கப்பட்டோர் தொகை நூற்றுக்கு 17 குறைந்தது.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய மாணவர் சிலர் ஒன்றுசேர்ந்து கடைகடையாகச் செல்லலாம். உயர்தர வகுப்பு மாணவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஆனால் புகைப்பவரோடு வாதாடும் பொறுப்பை மாணவர்மேற் சுமத்தலாகாது. முதலிற் பரிமாறுவோரிடம் பேசுதல் நன்று. மேசையடியில் நடப்பதை அவரே அறிவார். பின் முதலாளியைத் தனியே கண்டு, வாடிக்கையாளர் கேட்கும் தொனியிற் கூறுக. சிறிய கடையாயின் சட்டத்தை எடுத்துச் சொல்லி, சாம்பற் கிண்ணத்தை அகற்றவும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அறிவிப்பு மாட்டவும் உதவுக. பெரிய உணவுச்சாலையாயின், சட்டம் தரும் விலக்கைத் தாமாகவே துறக்கும்படி வேண்டுக. குடும்பத்தோடு உண்ண வருவோர் அதனை விரும்புவர் என்பதை நம் வருகையாலேயே காட்டலாம். இணங்கியவரைப் பலர் அறியப் பாராட்டுக. பலமுறை கூறியும் சட்டத்தை மீறுவோரையே பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும்.

புகைப்பவரை இகழ்தல் இப்பணியன்று. அவருட் பெரும்பாலார் இளமையிற் பழகி, விட விரும்பியும் விடமுடியாதவர். விட்டவர்க்குப் பயன் உடனே தொடங்குகின்றது: ஒரு நாளைக்குள் இரத்தத்திலுள்ள காபன் மொனொக்சைட்டு இயல்பு நிலைக்கு இறங்கும், ஓராண்டிற் புகையினால் ஏற்பட்ட மிகைப்படியான இருதய நோய் அபாயம் பாதியாகும். இருந்து புகைக்க இடமில்லாதபோது விடுதலும் எளிதாகின்றது.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டைத் துப்புரவு செய்தல் முறை. நம் சங்கத்தின் இராப்போசனங்களும், கிரிக்கெட் ஆட்டத்தன்று போடும் கொட்டகையும், இவ்விழாவின் மண்டபமும் அதன் வாயிலும் புகையற்றனவாக இருக்கட்டும். அங்கும் நமக்குப் பரிமாறுவோர் உளர். அவர் வந்து யன்னலைத் திறக்கும்படி கேட்கும் நிலை வரலாகாது. நான் அன்று அந்த அண்ணைக்குச் செய்யத் தவறியது இதுவே. இன்று படிக்கும் தம்பிமார் அதனைத் தவறவிடார் என நம்புகின்றேன்.