ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்தெடுத்த நஞ்சு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற சிற்றூரை ஒட்டி, கொலராடோ ஆற்றங்கரையிலேயே 1.6 கோடி டன் கதிரியக்கக் கழிவு குவிந்து கிடந்தது. 1956இல் தொடங்கிய யுரேனியம் ஆலை 1984இல் மூடப்படும்வரை கொட்டிய கழிவு அது. குவியலுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு எதுவும் கிடையாது.

யுரேனியத்தைத்தான் எடுத்துவிட்டார்களே, மிச்சத்தில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். ஆலையில் தாதுவை நைசாக அரைத்து, அமிலத்திலோ காரக் கரைசலிலோ ஊறவைத்து, யுரேனியத்தை மட்டும் பிரித்தெடுப்பார்கள். தோரியமும் ரேடியமும் சக்கையோடு போய்விடும். தாதுவின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்தச் சக்கையில்தான் தங்குகிறது. அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அது சிதையும்போது ரேடான் வாயு பிறக்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மோவாபில் இதோடு அம்மோனியாவும் சேர்ந்துகொண்டது. நிலத்தடி நீர் வழியே ஆற்றுக்குள் இறங்கி, அருகிவரும் மீனினங்களின் குஞ்சுகள் வளரும் கரையோர நீரைக் கெடுத்தது.

ஆலையை நடத்திய அட்லஸ் நிறுவனம் 1998இல் திவாலானது. 2001இல் பொறுப்பு அமெரிக்க எரிசக்தித் துறையிடம் வந்தது. குவியலை அங்கேயே மண் போட்டு மூடிவிடலாம் என்ற யோசனையும் இருந்தது, செலவு குறைவு. ஆனால் ஆறு என்றைக்கும் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. பெருவெள்ளம் கரையை அரித்தால், கீழே கோடிக்கணக்கானோர் நம்பியிருக்கும் நீரில் கழிவு கலந்துவிடும். முழுக் குவியலையும் பெயர்த்தெடுப்பது என்று 2005இல் முடிவானது. சரியான முடிவு அதுதான்.

2009 ஏப்ரலில் கழிவை அள்ளத் தொடங்கினார்கள். ஈரக் கசடைப் பரப்பி உலர்த்தி, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, மூடியிட்ட இரும்புப் பெட்டிகளில் அடைத்தார்கள். பெட்டியின் வெளிப்புறத்தில் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்த பிறகே ரயிலில் ஏற்றினார்கள். சுமார் 50 கி.மீ. வடக்கே, கிரசென்ட் ஜங்ஷன் அருகே, ஆற்றைவிட்டு விலகிய வறண்ட நிலத்தில் வெட்டிய பள்ளத்தில் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கினார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த வேலை.

கதிரியக்கத்தை அழிக்க வழியில்லை, தப்பவிடாமல் வைக்கலாம். அதற்குத்தான் மேல்மூடி. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். இறுக்கிய களிமண்ணுக்குள் அது ஊர்ந்து மேலே வருவதற்குள் பெரும்பகுதி சிதைந்து, திடப்பொருளாகி, மண்ணிலேயே தங்கிவிடும். ஆக, வாயுவை நிரந்தரமாக அடைத்துவைக்க வேண்டியதில்லை, தாமதப்படுத்தினாலே போதும். களிமண்ணை மழையும் காற்றும் அரிக்காதிருக்கக் கற்களைப் பரப்புகிறார்கள். இத்தகைய மூடி இயன்றவரை 1,000 ஆண்டுகள், எப்படியும் 200 ஆண்டுகளாவது தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி.

மோவாப் கழிவை அகற்றும் செலவின் பெரும்பகுதி மக்களின் வரிப்பணம். எந்த நாட்டிலும் யுரேனியம் ஆலைக்கு அனுமதி கேட்பவர்கள், கழிவை எங்கே, எந்த விரிப்பின்மேல் வைப்பார்கள் என்பதை முதலில் காட்டட்டும். அதை மூடுவதற்கான பணத்தையும் முன்கூட்டியே கட்டட்டும்.