வாளின் கைப்பிடி சொல்லும் பாடம்

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், அவர்கள் முதலில் ஓடிப்போய் நிற்பது வாள்களுக்கு முன்னால்தான். கண்கள் கூர்முனையில் நிற்கும். கைப்பிடியைப் பார்ப்பவர் குறைவு. வாளின் நோக்கத்தைச் சொல்வதோ கைப்பிடிதான்.

பிடி ஏன் சிறியது?

முகலாயர் காலத்தில் வட இந்தியாவிலும் தக்காணத்திலும் பரவலாகப் புழங்கிய வளைந்த வாள் 'தல்வார்'. அதன் கைப்பிடி பெரும்பாலும் இரும்பு அல்லது எஃகு. ஒரு முனையில் வட்டத் தட்டு, நடுவில் பருத்த பிடி, மறுமுனையில் இருபுறமும் நீளும் குறுக்குக் காப்பு. சிலவற்றில் விரல்களைக் காக்கும் வளைந்த கம்பியும் உண்டு.

பிடி சிறியதாக இருப்பதால் அக்காலத்தவரின் கைகளும் சிறியவை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தட்டுக்கும் காப்புக்கும் இடையில் கை இறுகப் பொருந்த வேண்டும். வீசும்போது நழுவக் கூடாது. அதற்கே அந்த அளவு.

வாளின் வால்பகுதியைப் பிடியின் குழிக்குள் செருகி, சூடாக்கி இளக்கிய அரக்கால் இறுக்குவார்கள். அதனால் வெளிநாட்டு வாள்களுக்கும் இந்தியப் பிடி பொருத்த முடிந்தது. ஐரோப்பிய வாளுக்கு அப்படிப் பிடி போட்டதை 'ஃபிரங்கி' என்றார்கள்.

அலங்காரமும் மார்க்கமும்

எஃகின் மேற்பரப்பைக் கீறித் தங்க இழையைப் பதிக்கும் கலைக்கு 'கோஃப்த்கரி' என்று பெயர். மன்னர்களின் வாள்களில் இதைக் காணலாம்.

நபி (ஸல்) அவர்களுடைய வாள் கைப்பிடியின் முனை வெள்ளியால் ஆனது என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் உள்ளது. போர்க் கருவிகளில் வெள்ளி அலங்காரம் கூடும் என்பதற்கு ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர். ஆண்களின் ஆயுதத்தில் தங்கத்தை ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிப்பதில்லை. அரண்மனை வழக்கம் வேறு, மார்க்கச் சட்டம் வேறு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

திப்புவின் வாள்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் (ரஹ்) ஷஹீதானார். அவரது படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. செய்திகள் விலையைப் பேசின. அதன் கைப்பிடியில் அல்லாஹ்வின் பண்புகளும் அவனை அழைக்கும் சொற்களும் தங்க எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பிடிக்கும் இடத்திலேயே படைத்தவனின் நினைவு! ஓங்கும் கை அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கை என்ற எச்சரிக்கையாக அதை நாம் வாசிக்கலாம்.

இன்று நம் பிள்ளைகளின் கையில் வாள் இல்லை, கைபேசி இருக்கிறது. கோபத்தில் அனுப்பும் ஒரு வரியும் ஆளை வெட்டும். அதற்கும் இறையச்சம் என்ற பிடி வேண்டும். அந்தப் பிடியை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.