விடுமுறைக்கு முன் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை



மூன்றாம் தவணை முடியப் போகிறது என்றால் எங்கள் தோட்டப் பாடசாலையில் ஒரே பரபரப்புத்தான். ஒரு பக்கம் தவணைப் பரீட்சை, இன்னொரு பக்கம் ஒளி விழா ஒத்திகை. கரோல் பாடும் குழுவில் பாதிப் பேர் சைவப் பிள்ளைகள்; அதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. பெரிய பிள்ளைகள் சிரமதானத்தில் கான் துப்புரவாக்குவார்கள். சின்னப் பிள்ளைகள் வகுப்பறைச் சுவரில் இருந்த படங்களைக் கழற்றி மடித்து வைப்பார்கள். தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் தாய்மார் வருவார்கள். அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அரை நாள் சம்பளம் போய்விடும் என்று தெரிந்தும் வருவார்கள்.

ஹல்துமுல்ல பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரையான பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறேன். வன்னியிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு மலையகம் தூரமாகத் தோன்றலாம். ஆனால், உங்களில் சிலரின் பெற்றோர் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு இந்த மலைகளை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியவர்கள். பாடசாலைக் கட்டடம் அகதி முகாமாக மாறுவது எப்படி என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

விடுமுறைக்கு முந்திய அந்த இரண்டு வாரங்கள் ஆட்டம் பாட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பிள்ளை பாடசாலையின் கண்ணில் இருந்து விலகி முழுநாளும் வீட்டில் இருக்கப் போகிற காலத்துக்கு நாம் அதைத் தயார்ப்படுத்தும் நாட்கள் அவை. இதை எங்களுக்குக் கற்றுத் தந்தது மீரியபெத்த.

அந்தப் புதன்கிழமை

2014ஆம் ஆண்டு தீபாவளி ஒக்டோபர் 22இல் வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஒக்டோபர் 29 புதன்கிழமை காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயன்கள், கோயில், பால் சேகரிக்கும் இடம் எல்லாம் மண்ணுக்குள் போயின. பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. உடலும் கிடைக்காமல், செய்ய வேண்டிய கடமையும் செய்ய முடியாமல் காத்திருப்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரத்துக்குள் அநேகமான பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் உயிர் தப்பியது அதனால்தான். மாலையில் திரும்பிப் போக அவர்களுக்கு வீடு இருக்கவில்லை; சிலருக்குத் தாய் தகப்பனும் இருக்கவில்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் இருந்த தமிழ்ப் பாடசாலைகளே முகாம்களாயின. பின்னர் குடும்பங்கள் மக்கல்தெனியவில் இருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டன. 75 புதிய வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது பிறகு வெளியே வந்தது. மாறிப் போகச் சொந்தக் காணி ஒரு பேர்ச் கூட இல்லாத மக்களுக்கு எச்சரிக்கை மட்டும் எதற்கு உதவும்? அந்தக் கேள்வி இன்றும் முடியவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை உட்பட மலைநாடெங்கும் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள்.

ஊவா மலைகளில் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழைக்காலம். வருடக் கடைசி விடுமுறை வழக்கமாக டிசெம்பரில் வரும். அதாவது மண் நன்றாக ஊறிப்போயிருக்கும் காலத்தில்தான் பிள்ளைகள் இரவும் பகலும் லயனில் இருக்கிறார்கள்.

ஒரு பூமிசாத்திரப் பாடம்

கரையோரத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு டிசெம்பர் நினைவிருக்கும். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறை. முல்லைத்தீவிலும் கல்முனையிலும் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். கடல் உள்வாங்கியபோது அது எதற்கான அடையாளம் என்று அநேகருக்குத் தெரியாது.

அதே நாள், தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் கடற்கரையில் நின்றாள். விடுமுறை விடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவளுடைய ஆசிரியர் ஆழிப்பேரலை பற்றிப் படிப்பித்திருந்தார். கடல் நுரைத்துக் கொதிப்பதுபோல் வருவதைக் கண்டதும் அவளுக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. தாய் தகப்பனை நச்சரித்தாள். தகப்பன் விடுதிக் காவலருக்குச் சொல்ல, கடற்கரையில் நின்ற ஏறத்தாழ 100 பேர் தப்பினார்கள். விடுமுறைக்கு முன் நடத்திய ஒரே ஒரு பாடம்! அந்தப் பிள்ளை சொன்னதைப் பெரியவர்கள் கேட்டார்கள் என்பதும் முக்கியம்.

எங்கள் பிள்ளைகள் செய்வது

எங்கள் பாடசாலையில் பிள்ளைகளே எழுதும் ஒரு சுவர்ப் பத்திரிகை இருக்கிறது. புலமைப்பரிசில் சித்தி, எல்லே போட்டி, கோயில் திருவிழா, யார் வீட்டில் குழந்தை பிறந்தது எல்லாம் அதில் வரும். ஒரு மூலையில் நேற்றுப் பெய்த மழையின் அளவும் வரும். அதைத்தான் தாய்மார் முதலில் பார்க்கிறார்கள்.

மழையை அளப்பது கடினமல்ல. நேரான பக்கங்கள் உள்ள பால்மாத் தகரம் ஒன்றை வெளியான இடத்தில், மரத்துக்கோ தாழ்வாரத்துக்கோ கீழே இல்லாமல் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தை நேராக இறக்கித் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். எழுதிக்கொண்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும்; 100 என்றால் ஆயத்தமாக வேண்டும்; 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், வெளியேறிவிட வேண்டும்.

8ஆம் தரப் பிள்ளைகள் தங்கள் லயனின் வரைபடத்தைக் கீறுகிறார்கள். பீலி எங்கே, கான் எங்கே, சுவரில் வெடிப்பு எங்கே, தனியாக இருக்கும் பாட்டி எந்தக் காம்பராவில், பிள்ளைத்தாய்ச்சி எந்தக் காம்பராவில் என்று குறிக்கிறார்கள். இரவில் வெளியேற வேண்டி வந்தால் யாருடைய கதவை யார் தட்டுவது, கோயில் மணியை யார் அடிப்பது என்றும் எழுதுகிறார்கள். கைத்தொலைபேசி வேலை செய்யாத இரவிலும் மணிச்சத்தம் கேட்கும். தேர்ச்சி அறிக்கை நாளில் இந்தப் படத்தை ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுக்கிறோம்.

இன்னொரு சரிவு

விடுமுறையில் மலை மட்டும் சரிவதில்லை. டிசெம்பரில் போன பிள்ளை ஜனவரியில் திரும்பி வராமல் போவதும் நடக்கிறது. தரகர் அநேகமாக வெளியாள் இல்லை. தெரிந்தவர், சில வேளை சொந்தக்காரர். கொழும்பில் கடை, அல்லது "பிள்ளை பார்க்கிற" வேலை என்பார். யுத்தத்தில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் சகோதரிகளின் வாசலுக்கும் இப்படிப்பட்டவர்கள் வந்திருப்பார்கள்.

ஒரு வருடம் தேர்ச்சி அறிக்கை நாளில் ஒரு தாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"டீச்சர், லீவுல ஒரு மாசந்தான். கைக்கொழந்தயப் பாத்துக்கிற வேல. தொறக்கிறப்போ புள்ள வந்துரும்."

"சப்பாத்துக்கும் கொப்பிக்கும் எவ்வளவு வேணும், அக்கா?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன தொகை பெரிதல்ல. கடைக் கடனும் கொஞ்சம் இருந்தது. அன்றைக்கு வந்திருந்த தாய்மார் கூடிப் பேசினார்கள். அவர்கள் போடும் சீட்டில் அந்த மாதத்து எடுப்பை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். "எனக்கு மார்ச்சில தந்தாப் போதும்" என்றார் முறைக்காரி. பிள்ளை ஜனவரியில் புதுச் சப்பாத்துடன் வந்து முன்வாங்கில் உட்கார்ந்தாள். புத்திமதி சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. அந்தக் காசுதான் அவளைக் கொண்டுவந்தது.

சட்டமும் நமது பக்கம் இருக்கிறது. 2016 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் கொழும்பில் வீட்டு வேலைக்கு விடப்பட்ட மலையகச் சிறுமி ஒருத்தியின் மரணம் நாட்டையே உலுக்கியதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

* தவணை முடியுமுன் ஒருமுறையாவது பாடசாலைக்குப் போங்கள். தேர்ச்சி அறிக்கையோடு திரும்பிவிடாமல், பக்கத்துத் தாய்மாருடன் பேசிவிட்டு வாருங்கள்.

* மலைப்பகுதியில் இருப்பவர்கள் இந்த அடையாளங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, கதவு யன்னல் இறுகுதல், மரமும் கம்பமும் சாய்தல், புதிதாக ஊற்று கிளம்புதல், ஓடிக்கொண்டிருந்த பீலி திடீரென வற்றுதல் அல்லது கலங்குதல். ஒன்றைக் கண்டாலும் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

* கரையோரத்தில் இருப்பவர்கள்: நிலம் அதிர்ந்தால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

* வன்னியில் இருப்பவர்கள்: விடுமுறையில் பிள்ளைகள் விறகுக்கும் விளையாட்டுக்கும் காட்டுப்பக்கம் போவார்கள். இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடவோ எறியவோ கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

* பிறப்புச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் வாசலுக்குக் கிட்டே வையுங்கள். எழும்பி ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

* பிள்ளையை வேலைக்குக் கேட்டு யாராவது வந்தால் அதிபருக்கோ வகுப்பாசிரியருக்கோ சொல்லுங்கள். சிறுவர் உதவித் தொலைபேசி 1929, பெண்கள் உதவித் தொலைபேசி 1938.

* பாடசாலை தொடங்கும் முதல் நாளில் உங்கள் லயனில், உங்கள் ஒழுங்கையில் எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

விடுமுறை பிள்ளைகளுக்குச் சந்தோசமான காலம். அவர்கள் ஆடட்டும், பாடட்டும், பாட்டி வீட்டுக்குப் போய் வரட்டும். பாடசாலை திறக்கும் நாளில் இடாப்பில் உள்ள எல்லாப் பெயருக்கும் "இருக்கிறேன்" என்று ஒரு குரல் வர வேண்டும். அதற்கான வேலையை விடுமுறை விடுமுன்னரே தொடங்குவோம்.