பத்துக் கிலோ குழந்தை நூறு கிலோ ஆகும்!

கல்வராயன் மலை.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் சாலையில் ஒரு கார் வருகிறது. பெரியார் அருவியில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் வீடு திரும்புகிறது.

அப்பா கார் ஓட்டுகிறார். பக்கத்து இருக்கையில் அம்மா. அம்மா மடியில் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை.

"பாப்பாவை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன். நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்கிறார் அம்மா.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இப்படிப்பட்ட காட்சியை எந்த ஞாயிற்றுக்கிழமையும், எந்தச் சாலையிலும் காணலாம்.

அம்மாவின் அன்பில் குறை இல்லை. அவர் கையிலும் வலு இருக்கிறது. ஆனால் கார் எதிலாவது மோதினால், அந்தக் கை குழந்தையைத் தாங்குமா?

தாங்காது!

ஏன் தாங்காது? அதற்குப் பதில் விஞ்ஞானத்தில் இருக்கிறது. பெரிய படிப்பு வேண்டாம். பெருக்கல் கணக்குத் தெரிந்தால் போதும்.

கரும்பு டிராக்டர்

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு அதிகம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலம் வந்துவிட்டால் சாலையெல்லாம் கரும்பு வண்டிகள்தான்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் மெதுவாகத்தான் போகும். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சீறிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிளைக் கண்டுதான் ஒதுங்குகிறார்கள்.

ஆனால், இரண்டில் எதை நிறுத்துவது கடினம்? டிராக்டரைத்தான்!

ஒரு பொருளை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேகம் மட்டும் கணக்கல்ல. அதன் கனமும் கணக்கு. இரண்டையும் பெருக்க வேண்டும். பெருக்கி வரும் தொகைக்கு "உந்தம்" என்று பெயர்.

டிராக்டரும், டிரெய்லரும், கரும்பும் சேர்ந்து 15 ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் மணிக்கு 18 கிலோ மீட்டர். அதாவது வினாடிக்கு 5 மீட்டர். உந்தம் 75 ஆயிரம்.

மோட்டார் சைக்கிளும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. வேகம் மணிக்கு 54 கிலோ மீட்டர். அதாவது வினாடிக்கு 15 மீட்டர். உந்தம் 3 ஆயிரம்.

மெதுவாகப் போகிற டிராக்டரின் உந்தம், வேகமாகப் போகிற மோட்டார் சைக்கிளின் உந்தத்தைப்போல 25 மடங்கு!

உலக்கையும் பலாப்பழமும்

ஓடுகிற பொருளை நிறுத்த வேண்டுமானால் அதன் உந்தம் முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை இரண்டு வழிகளில் செய்யலாம். சட்டென்று வாங்கலாம். அல்லது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம்.

சட்டென்று வாங்கினால் அடி பலமாக விழும். மெல்ல வாங்கினால் அடி லேசாக விழும்.

விசையை நேரத்தால் பெருக்கினால் வருவதற்குக் "கணத்தாக்கு" என்று பெயர். உந்தம் எவ்வளவு மாறுகிறதோ, அவ்வளவுதான் கணத்தாக்கு. இதில் கூடுதல் குறைவு கிடையாது. ஆகவே நேரம் குறைந்தால் விசை கூடும். நேரம் கூடினால் விசை குறையும்.

இந்த உண்மையை 1687-ம் ஆண்டு ஐசக் நியூட்டன் புத்தகமாக எழுதினார். ஆனால், அவர் எழுதுவதற்கு முன்பே நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும்!

சாமை குத்துவதைப் பாருங்கள். உலக்கையின் நுனியில் இரும்புப் பூண். கீழே கெட்டியான உரல். உலக்கை விழுந்ததும் சட்டென்று நிற்கிறது. நிற்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே அடி பலமாக விழுகிறது. உமி கழன்றுவிடுகிறது. அதே உலக்கையைப் பஞ்சு மூட்டையில் குத்தினால் என்ன ஆகும்? கைதான் வலிக்கும். உமி போகாது.

இங்கே பலமான அடி வேண்டும். அதனால் நேரத்தைக் குறைக்கிறார்கள்.

பலா மரத்தைப் பாருங்கள். நல்ல பழத்தை யாரும் வெட்டிக் கீழே போடுவதில்லை. கயிறு கட்டி இறக்குகிறார்கள். கயிறு இல்லையென்றால் இரண்டு பேர் கோணியை விரித்துப் பிடிக்கிறார்கள். பழம் விழும்போது கோணியும் கூடவே தாழ்கிறது. பழம் நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. பழம் உடைவதில்லை.

இங்கே அடி லேசாக விழ வேண்டும். அதனால் நேரத்தைக் கூட்டுகிறார்கள்.

மனிதத் தலை இரும்புப் பூண் அல்ல. அது பலாப்பழத்தைப் போன்றது. இதை மறக்கக்கூடாது.

கோலிக்குண்டு

மோதல் என்றால் என்ன? பையன்களின் கோலி விளையாட்டைக் கவனித்தால் புரியும்.

நின்றுகொண்டிருக்கும் கோலியை இன்னொரு கோலி நேராக அடிக்கிறது. அடித்த கோலி அங்கேயே நின்றுவிடுகிறது. அடிபட்ட கோலி ஓடுகிறது. முதல் கோலியின் உந்தம் இரண்டாவது கோலிக்குப் போய்விட்டது. உந்தம் கைமாறியதே தவிர, காணாமல் போகவில்லை. இதை "மீட்சி மோதல்" என்பார்கள்.

ஈர மண் உருண்டையை இன்னொரு மண் உருண்டை மீது எறிந்தால் என்ன ஆகும்? இரண்டும் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். சேர்ந்து மெதுவாக நகரும். இது "மீட்சியற்ற மோதல்". இதிலும் மொத்த உந்தம் மாறுவதில்லை.

சாலை விபத்துகள் பெரும்பாலும் மண் உருண்டை ரகம். வண்டிகள் துள்ளி விலகுவதில்லை. நசுங்குகின்றன.

இப்போது, அந்தக் கரும்பு டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் நேருக்கு நேர் மோதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டரின் உந்தம் 75 ஆயிரம். எதிரே வந்த மோட்டார் சைக்கிளின் உந்தம் 3 ஆயிரம். கழித்தால் 72 ஆயிரம். இரண்டின் கனமும் சேர்ந்து 15 ஆயிரத்து 200 கிலோ. வகுத்தால், மோதிய பிறகு இரண்டும் மணிக்கு 17 கிலோ மீட்டர் வேகத்தில் டிராக்டர் போன திசையிலேயே நகரும்.

டிராக்டரின் வேகம் 18-லிருந்து 17 ஆகிறது. ஓட்டுகிறவருக்கு ஒரு குலுக்கல். அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிள்? 54 கிலோ மீட்டர் வேகத்தில் முன்னே வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் 17 கிலோ மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளப்படுகிறது!

இரண்டுக்கும் கிடைத்த கணத்தாக்கு ஒன்றே. ஆனால் பெரிய வண்டி தாங்கிக்கொண்டது. சிறிய வண்டி சின்னாபின்னமானது.

இரவு நேரத்தில் பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்கும் கரும்பு வண்டி ஏன் ஆபத்து என்பதும் இதில் விளங்கும். பின்னால் வந்து மோதுகிறவர் ஏறக்குறைய ஒரு சுவரில் மோதுகிறார். வண்டிக்காரர் பின்பக்கத்தில் ஒளிரும் வில்லைகளை ஒட்டி வைத்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

அம்மாவின் கை

இனி அந்தக் குழந்தைக்கு வருவோம்.

குழந்தை 10 கிலோ. கார் மணிக்கு 36 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. இது பெரிய வேகம் அல்ல. வினாடிக்கு 10 மீட்டர். குழந்தையின் உந்தம் 100.

கார் ஒரு மரத்தில் மோதுகிறது. காரின் முன்பகுதி நசுங்குகிறது. பத்தில் ஒரு வினாடியில் கார் நின்றுவிடுகிறது.

குழந்தையும் அந்த நேரத்துக்குள் நிற்க வேண்டும். 100-ஐப் பத்தில் ஒன்றால் வகுத்தால் ஆயிரம். இதுதான் அம்மாவின் கை கொடுக்க வேண்டிய விசை. 100 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம்!

பத்துக் கிலோ குழந்தை, பத்தில் ஒரு வினாடிக்கு நூறு கிலோ ஆகிவிடுகிறது. எந்த அம்மாவால் பிடிக்க முடியும்? அதுவும், தானே முன்னால் தூக்கி எறியப்படும்போது?

காரில் காற்றுப் பை இருந்தால் முன் இருக்கைக் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெரியவர்களுக்காகச் செய்த பை அது. வெடித்து விரியும்போது குழந்தையைப் பலமாக அடிக்கும். குழந்தைக்கு உரிய இடம் பின் இருக்கை. அதிலும், குழந்தைகளுக்கென்று செய்த தனி இருக்கை.

பெல்ட் என்ன செய்கிறது?

பெரியவர் கதையும் இதுதான். 60 கிலோ ஆள். அதே வேகம். உந்தம் 600.

பெல்ட் போடவில்லை. கார் நின்றுவிட்டது. ஆள் நிற்கவில்லை. அதே வேகத்தில் போய்க் கண்ணாடியிலோ ஸ்டியரிங்கிலோ மோதுகிறார். நூறில் ஒரு வினாடியில் நிற்பதாக வைத்துக்கொண்டால், உடம்பில் விழும் அடி 6 ஆயிரம் கிலோ எடைக்குச் சமம்!

பெல்ட் போட்டிருக்கிறார். காரோடு சேர்ந்து பத்தில் ஒரு வினாடியில் நிற்கிறார். அடி 600 கிலோ எடைக்குச் சமம். அதுவும் நெஞ்சு, தோள், இடுப்பு என்று பரவி விழுகிறது. வலிக்கும். ஆனால், உயிர் தப்ப வழி உண்டு.

தோளையும் இடுப்பையும் பிடிக்கும் இன்றைய பெல்டை 1959-ம் ஆண்டு சுவீடன் நாட்டு எஞ்சினீயர் நில்ஸ் போலின் உருவாக்கினார். பிறகு எல்லாக் கம்பெனிகளும் அதைப் பயன்படுத்த அனுமதி கொடுக்கப்பட்டது.

ஹெல்மெட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1935-ம் ஆண்டு மே மாதம், "அரேபியாவின் லாரன்ஸ்" என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாட்களில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்த மூளை டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அவர் மனம் கேட்கவில்லை. ஹெல்மெட் பற்றி ஆராய்ச்சி செய்தார். 1941-ம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். ஹெல்மெட் உயிர் காக்கும் என்று உலகம் அறிந்தது.

ஹெல்மெட்டின் மேலோடு மட்டும் தலையைக் காப்பாற்றுவதில்லை. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி நசுங்குகிறது. தலை நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. பலாப்பழத்துக்குக் கோணி எப்படியோ, தலைக்கு ஹெல்மெட் அப்படி. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. உள்பகுதி ஏற்கெனவே நசுங்கியிருக்கும்.

இரு சக்கர வண்டியில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது.

மலை இறங்கும்போது

மலைச் சாலையில் வண்டியைப் பூமி இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வினாடியும் உந்தம் கூடுகிறது. டிரைவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகும். சூடு அதிகமானால் பிரேக் பிடிக்காது.

"எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். சின்னக் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். உந்தம் சேர விடாமல் அவ்வப்போது கரைத்துவிடும்.

இன்னொரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் உந்தமும் இரண்டு மடங்கு. ஆனால், அதே பிரேக் விசையில் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்கு! 30 கிலோ மீட்டர் வேகத்தில் 6 மீட்டரில் நிற்கும் வண்டி, 60 கிலோ மீட்டர் வேகத்தில் நிற்க 24 மீட்டர் வேண்டும். சரக்கு வண்டியில் ஆட்களை அடைத்து மலை இறக்குவது ஆபத்து என்பது இதனால்தான். கனம் கூடுகிறது. பிடித்துக்கொள்ளப் பெல்ட்டும் இல்லை.

நிலவில் இறங்கிய வண்டி

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அந்த விழுப்புரத்துக்காரர்தான் ப. வீரமுத்துவேல். சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர்.

அவருடைய குழுவுக்கும் இதே கணக்குத்தான்!

1,752 கிலோ எடையுள்ள லேண்டர். வேகம் மணிக்குச் சுமார் 6 ஆயிரம் கிலோ மீட்டர். அதை நிலவில் மெல்ல இறக்க வேண்டும். நிலவில் காற்று இல்லை. பாராசூட் உதவாது.

என்ன செய்தார்கள்? எஞ்சின்களை இயக்கி, போகும் திசைக்கு எதிராகத் தள்ளினார்கள். ஒரே அடியாக அல்ல. சுமார் 19 நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாக உந்தத்தைக் குறைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை லேண்டர் நிலவில் பூப்போல இறங்கியது. அப்படியும் கடைசி அதிர்ச்சியைத் தாங்க அதன் கால்கள் பலமாகச் செய்யப்பட்டிருந்தன.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டருக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. வேகம் வேண்டிய அளவு குறையவில்லை. நிலவில் மோதி உடைந்தது.

நிலவுக்குப் போனாலும் விதி ஒன்றுதான். நிற்பதற்கு நேரம் கொடு. பொருள் பிழைக்கும்.

மறுபடியும் மலைச் சாலை

அந்தக் கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம்.

மலை அடிவாரத்தில் அப்பா காரை ஓரமாக நிறுத்துகிறார். அம்மா கீழே இறங்குகிறார். குழந்தையைப் பின் இருக்கைக்குக் கொண்டு போகிறார். குழந்தை இருக்கையில் வைத்து வாரை மாட்டுகிறார். பக்கத்தில் தானும் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்கிறார்.

குழந்தை சிணுங்குகிறது. மடி வேண்டும் என்று கை நீட்டுகிறது.

"வீட்டுக்குப் போனதும் மடிதான் கண்ணு!" என்கிறார் அம்மா.

கார் புறப்படுகிறது.