தாய்லாந்து: ராணுவம் எழுதிவைத்துவிட்டுப் போன ஜனநாயகம்

2014 மே 22. பாங்காக்கில் உள்ள ராணுவ மன்றத்தில், மாதக்கணக்கில் தெருவில் மோதிக்கொண்டிருந்த இரு அணிகளின் தலைவர்களையும் ஒரே மேசைக்கு வரவழைத்திருந்தார் தரைப்படைத் தளபதி பிரயுத் சான்-ஓ-சா. பேச்சுவார்த்தைக்கு அது இரண்டாவது நாள். இடைக்கால அரசு பதவி விலகத் தயாரா என்று கேட்டார். அரசுத் தரப்பில் வந்திருந்த நீதி அமைச்சர் இப்போதைக்கு இல்லை என்றார். அப்படியானால் ஆட்சியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தளபதி எழுந்துவிட்டார். பேச வந்தவர்கள் அங்கிருந்தே ராணுவக் காவலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

1932-ல் மன்னரின் முழு அதிகாரம் முடிவுக்கு வந்ததிலிருந்து தாய்லாந்து பத்துக்கும் மேற்பட்ட ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புகளைப் பார்த்திருக்கிறது. ஆட்சியைப் பிடிப்பது அங்கே அரைநாள் வேலை. பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பதில்தான் சிக்கல். 2006-ல் பிரதமர் தக்சின் சினவத்ரா ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க் போயிருந்த நேரம் பார்த்து ராணுவம் அவரைக் கவிழ்த்தது. புது அரசமைப்புச் சட்டம் எழுதி, 2007 டிசம்பரில் தேர்தலும் நடத்தியது. ஜெயித்தது தக்சினின் ஆட்கள். 2011-ல் அவருடைய தங்கை யிங்லக்கே பிரதமரானார். அவசரப்பட்டுத் தேர்தல் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தளபதிகள் அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே இந்த முறை அவர்கள் அவசரப்படவில்லை. தேர்தல் 2015-ல் என்றார்கள். பிறகு அடுத்த ஆண்டு, அதற்கும் அடுத்த ஆண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியலுக்காகக் கூடத் தடை. சினிமாவிலிருந்து எடுத்த மூன்று விரல் வணக்கம் வைத்தவர்களையும், எதிர்ப்பின் அடையாளமாகப் பொது இடத்தில் சாண்ட்விச் சாப்பிட்டவர்களையும்கூடப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பிரயுத் தொலைக்காட்சியில் தோன்றி, மக்களுக்கு மகிழ்ச்சியைத் திருப்பித் தருவது பற்றிப் பேசினார். அதே கருத்தில் பாட்டும் எழுதினார். இடைக்கால சாசனத்தின் 44-வது பிரிவு அவர் போடும் எந்த உத்தரவையும் சட்டமாக்கியது.

வெளியுலகம் பெரும்பாலும் கவனித்தது இந்த அடக்குமுறையைத்தான். ஆனால் நீடித்து நிற்கும் வேலை நடந்தது அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் அறையில். முதல் வரைவை 2015-ல் ராணுவ அரசு நியமித்த மன்றமே நிராகரித்தது. ஆட்சி அதனாலேயே இன்னும் நீண்டது. இரண்டாவது வரைவு 2016 ஆகஸ்ட் 7-ல் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கென்று தனிச் சட்டம்: வரைவைத் திரித்துப் பேசியதாகவோ வாக்காளரைத் தூண்டியதாகவோ குற்றம் நிரூபிக்கப்பட்டால் பத்தாண்டு வரை சிறை. வேண்டாம் என்று துண்டுப் பிரசுரம் வைத்திருந்தவர்கள் கைதானார்கள். 61 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். இந்த எண்ணைக் கையாளும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: எதிர்ப்பிரச்சாரம் கிட்டத்தட்ட குற்றமாக இருந்தது, தேர்தல் வந்தால் போதும் என்று வாக்களித்தவர்களும் உண்டு.

வாக்குச்சீட்டில் இரண்டாவது கேள்வி ஒன்றும் இருந்தது. சீர்திருத்தம் தொடர்ச்சியாக நடைபெறும் பொருட்டு, முதல் ஐந்தாண்டுகளுக்கு நாடாளுமன்றத்தின் கூட்டுக்கூட்டமே பிரதமர் நியமனத்தைப் பரிசீலிக்கலாமா என்கிற ரீதியில் நீண்டு வளைந்த வாக்கியம். செனட் என்ற சொல்லை அதில் தேட வேண்டியதில்லை. சுற்றிவளைப்பை நீக்கிப் பார்த்தால் அர்த்தம் ஒன்றுதான்: நாங்கள் நியமிக்கும் 250 செனட்டர்களும் பிரதமரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடலாமா? 58 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

கணக்கைப் பாருங்கள். மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையில் 500 பேர், செனட்டில் அப்போது 250. பிரதமராக 376 ஓட்டு வேண்டியிருந்தது. முப்படைத் தளபதிகளும் போலீஸ் தலைவரும் உள்பட 250 பேரையும் ராணுவ அரசே உட்காரவைத்திருந்தது. அவர்களுக்கு வேண்டியவர் கீழவையில் 126 பேரைத் தேற்றினால் போதும். வேண்டாதவருக்கோ அதே கீழவையில் நான்கில் மூன்று பங்கு தேவை.

2019 மார்ச்சில் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. தக்சின் சார்பு பியூ தாய் கட்சிக்கே அதிக இடங்கள். ஆனால் ஜூனில் பிரதமரானவர் பிரயுத்: 500 ஓட்டு, அதில் செனட்டர்கள் 249 பேர். விட்டுப்போன ஒருவர் செனட்டின் தலைவர். அவர் ஒதுங்கி இருந்துகொண்டார். கீழவையிலும் பிரயுத்துக்கு 251 கிடைத்தது என்பதை மறைக்கக்கூடாது. அதில் கொஞ்சம், ஓரிடக் கட்சிகளை வரிசையாக உள்ளே கொண்டுவந்த புதிய இடப்பங்கீட்டு முறையின் உபயம்.

இந்த ஏற்பாட்டின் முழு உருவமும் வெளிப்பட்டது 2023 ஜூலை 13-ல். மே மாதத் தேர்தலில் மூவ் ஃபார்வர்டு என்ற இளைய கட்சி 151 இடங்களுடன் பெரும்பாலான கணிப்புகளை மீறி முதலிடம் பிடித்திருந்தது. எட்டுக் கட்சிக் கூட்டணிக்கு 312 பேர். அன்றைய நிலவரப்படி தேவை 375. அதன் தலைவர் பீட்டா லிம்ஜரோன்ராட் அவையில் அமர்ந்திருக்க, உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் நீண்டது. செனட்டர்கள் பலர் எதிர்க்கக்கூட இல்லை, நடுநிலை என்று சொல்லி உட்கார்ந்தார்கள். சிலர் வரவே இல்லை. ஆனால் ஆதரவு எண்ணிக்கை எட்டாவிட்டால் தோல்விதான், ஆகவே நடுநிலையும் எதிர்ப்பும் அங்கே ஒன்று. பீட்டாவுக்குக் கிடைத்தது 324. ஆதரித்த செனட்டர்கள் 13 பேர்.

அடுத்த வாரமே, 2007-லிருந்து ஒளிபரப்பே இல்லாத ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்தார் என்ற வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் அவரை எம்.பி. பொறுப்பிலிருந்து நிறுத்திவைத்தது. குற்றமில்லை என்று அதே நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னபோது, பிரதமர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அந்த வேறொருவர் பியூ தாயின் ஸ்ரெத்தா தவிசின். பியூ தாய், கூட்டணியை உதறிவிட்டு, தன்னைக் கவிழ்த்த தளபதிகளின் கட்சிகளோடு கைகோத்தது. செனட்டின் கை உடனே தாராளமானது: 482 ஓட்டு. அதே நாள் காலையில்தான் தக்சின் 15 ஆண்டு வெளிநாட்டு வாசம் முடித்து விமானத்திலிருந்து இறங்கினார். தற்செயல் என்று தாய்லாந்தில் நம்புகிறவர்கள் குறைவு. பழைய எதிரியை உள்ளே சேர்த்துக்கொண்டு புது எதிரியை வெளியே நிறுத்தத் தெரிந்த ஏற்பாடு இது. வெறும் துப்பாக்கியால் நிற்கும் ஆட்சிகளைவிடக் கெட்டிக்காரத்தனமானது.

உள்ளே வந்தவருக்கும் உத்தரவாதம் கிடையாது. நீதிமன்றத்தை லஞ்சம் கொடுத்து வளைக்கப் பார்த்ததாக 2008-ல் சிறை சென்ற வழக்கறிஞர் ஒருவரை ஸ்ரெத்தா அமைச்சராக்கினார். தின்பண்டப் பையில் 20 லட்சம் பாட் கொடுத்தனுப்பிய கதை அது. தார்மீகத் தகுதி மீறல் என்று 2024 ஆகஸ்ட் 14-ல் அரசமைப்பு நீதிமன்றம் ஸ்ரெத்தாவையே பதவி நீக்கியது. அடுத்து வந்த தக்சினின் மகள் பேடோங்டார்ன், எல்லைத் தகராறு நடந்துகொண்டிருக்கும்போது கம்போடியாவின் ஹுன் சென்னை 'மாமா' என்று அழைத்து, தன் நாட்டுப் படைத்தளபதியைக் குறைசொன்ன தொலைபேசிப் பேச்சு கசிந்தது. 2025 ஆகஸ்ட் 29-ல் அவரும் போனார். 2008-லிருந்து இந்த நீதிமன்றம் நீக்கிய ஐந்தாவது பிரதமர் அவர். முதலாமவர் சமக் சுந்தரவேஜ். தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிக்குச் சம்பளம் வாங்கினார் என்பது அவர் மீதான குற்றம்.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. பேடோங்டார்ன் பேசியது எந்த நாட்டிலும் ஒரு பிரதமரைச் சங்கடத்தில் தள்ளியிருக்கும். கேள்வி அதுவல்ல. நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுக்கும், தேர்தல் ஆணையம், ஊழல் தடுப்பு ஆணையம் ஆகியவற்றின் உறுப்பினர்களுக்கும் ஒப்புதல் தருவது செனட். அந்த செனட்டை உட்காரவைத்தது யார் என்று பார்த்தோம். ஃபியூச்சர் ஃபார்வர்டு கட்சி 2020-ல் கலைக்கப்பட்டது, நிறுவனரிடம் கடன் வாங்கியதற்காக. அதன் வாரிசான மூவ் ஃபார்வர்டு 2024-ல் கலைக்கப்பட்டது, அரச குடும்பத்தை விமர்சித்தால் குற்றச்சாட்டு ஒன்றுக்கு 15 ஆண்டு வரை சிறை என்கிற 112-வது பிரிவைத் திருத்துவதாக வாக்குறுதி தந்ததற்காக. ஒரு கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வாங்கிய கட்சி அது.

ராணுவம் நியமித்த செனட்டின் காலம் 2024 மே மாதம் முடிந்தது. பிரதமர் தேர்வில் செனட்டுக்கு இப்போது ஓட்டு இல்லை. புதிய செனட்டில் 200 பேர். ஆனால் தேர்தல் என்று அதை அழைக்க எனக்கு நா எழவில்லை. 40 வயது நிரம்பியவர்கள் 2,500 பாட் கட்டி, விவசாயி, ஆசிரியர், வணிகர் என்று 20 தொழில் பிரிவுகளில் மனுப் போட்டார்கள். ஓட்டுரிமை மனுப் போட்டவர்களுக்கு மட்டுமே. மாவட்டம், மாகாணம், நாடு என்று மூன்று கட்டமாக ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். மற்ற கோடிக்கணக்கான வாக்காளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பூம்ஜாய்தாய் கட்சிக்கு நெருக்கமானவர்கள் திரளாக உள்ளே வந்துவிட்டார்கள் என்ற புகார் விசாரணை வரை போனது.

பேடோங்டார்னுக்குப் பிறகு பிரதமரானவர் அந்தப் பூம்ஜாய்தாயின் தலைவர் அனுதின் சார்ன்விரகுல். அவருக்கு ஓட்டுப் போட்டுப் பதவியில் ஏற்றியதோ, மூவ் ஃபார்வர்டின் வாரிசான மக்கள் கட்சி. அமைச்சரவையில் இடம்கூடக் கேட்கவில்லை. அது வைத்த நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு: நான்கு மாதத்தில் நாடாளுமன்றத்தைக் கலைக்க வேண்டும், புது அரசமைப்புச் சட்டத்துக்கு வழி திறக்க வேண்டும். எதிர்முகாமைச் சேர்ந்த ஒருவரைப் பிரதமராக்கியாவது, 2016 பொதுவாக்கெடுப்பில் தேறிய 2017 சாசனத்தை அசைக்க முடியுமா என்று பார்க்கும் அளவுக்கு அந்தக் கட்சி போய்விட்டது.

2025 செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அதற்கான பாதையைச் சொன்னது. புதிய சாசனம் எழுதலாமா, எப்படி எழுதுவது, எழுதியதை ஏற்கிறீர்களா என்று மக்களிடம் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் இரண்டை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். எழுதுகிறவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எழுதத் தொடங்கவே 2017 சாசனத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்குக் கீழவையில் எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும், செனட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 67 பேர் கை தூக்கியாக வேண்டும். தங்களுக்குள் ஓட்டுப் போட்டுக்கொண்டு வந்த அந்த 200 பேரின் பதவிக்காலம் 2029 வரை இருக்கிறது.