உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது மணி அடித்தால் வைத்துவிடலாம்!

ஆள் இல்லாத வீட்டில் தொலைபேசிப் பேச்சைப் பிடித்துவைக்கும் ஆசை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிறந்துவிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பௌல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் காந்தப் பதிவாகக் குரலைச் சேமிக்கும் ‘டெலிகிராஃபோன்’ கருவிக்குக் காப்புரிமை கேட்டார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அதில் பதிவான ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பின் குரல் இன்றும் இருக்கிறது.

அதே ஆசையை நிறைவேற்றி, நாம் எடுக்காத அழைப்பை எடுத்துச் செய்தியைப் பதிந்துவைக்கும் டிஜிட்டல் ஆன்சரிங் மெஷினில் கம்பியும் இல்லை, கேசட்டும் இல்லை. குரல் எண்களாகச் சுருங்கி மெமரி சிப்பில் உட்காருகிறது. நடுவிலுள்ள ஒரு செய்தியை மட்டும் அழிக்கலாம். ரீவைண்ட் தொல்லை கிடையாது.

பலரும் தொடாமலே விட்டுவிடும் வசதி ‘டோல் சேவர்’. புதுச் செய்தி இருந்தால் மெஷின் சீக்கிரமே, பொதுவாக இரண்டாவது மணியில், எடுத்துவிடும். இல்லையென்றால் நான்காவது மணி வரை காத்திருக்கும். (மாடலுக்கு மாடல் எண்ணிக்கை மாறும்.) வெளியூரிலிருந்து உங்கள் வீட்டுக்கே போன் போடுகிறீர்கள், மூன்றாவது மணியும் அடித்துவிட்டதா? செய்தி எதுவும் வரவில்லை, வைத்துவிடலாம். அழைப்புக் காசு மிச்சம். நம் ஊர் ‘மிஸ்டு கால்’ மூளைதான், வேறென்ன!

வரவேற்புக் குரலைப் பதியும்போது “ஊருக்குப் போயிருக்கிறோம்” என்று சொல்லிவைக்காதீர்கள். திருடனும் போன் செய்வான். “இப்போது போனை எடுக்க முடியவில்லை” என்பதே போதும். வெளியிலிருந்து செய்தி கேட்பதற்கான ரகசிய எண், பல மெஷின்களில் எளிதில் ஊகிக்கக்கூடியதாகத்தான் வரும். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.